கிணற்றில் முதலில் இறங்கிய விளக்கு

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமா பேசியது? நெருப்பும் பேசியது. பேசியது என்பதைவிடப் பீற்றிக்கொண்டது என்பதே சரி. "விறகைக் குடு, எண்ணெயைக் குடு, போதும். வேற எவன் தயவும் எனக்கு வேண்டாம்" என்று அடுப்பில் இருந்தபடியே அலட்டும். "என்னையுந்தான் தின்னுறே" என்று காற்று முணுமுணுக்கும். கண்ணுக்குத் தெரியாததன் பேச்சை யார் காதில் வாங்கினார்கள்?

ஒரு கோடையில் ஊர்க் கிணறுகள் எல்லாம் வற்றின. பல வருஷமாகப் பலகை போட்டு மூடிக் கிடந்த பாழுங்கிணறு ஒன்றுதான் மிச்சம். அதைத் தூர் வாரினால் ஊற்றுக்கண் திறக்கும். பலகையை விலக்கியதும், "நான் பாத்துட்டு வர்றேன்" என்று உடும்பு சுவரைப் பற்றி இறங்கியது. பாதியில் பிடி விட்டு விழுந்தது. கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதிலே இல்லை.

உள்ளே பேய் இருக்கிறது என்று ஊர் ஒதுங்கியது. கிணறு வெட்டும் மூக்காண்டி மட்டும் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். "பேயாவது பிசாசாவது! தண்ணியில்லாம ஊரே சாகப் போவுது. நான் இறங்குறேன்."

அவன் பெண்டாட்டி சடைச்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் பேய்ப்பயம் கிடையாது. ஆனால் தினமும் சமையல் முடிந்ததும் அடுப்புக் கங்குகளைப் பானையில் போட்டு மூடிக் கரி எடுக்கிறவள் அவள். மூடினால் கங்கு ஏன் சாகிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தாள்.

"கொஞ்சம் பொறு மாமா."

ஓர் அகலை ஏற்றித் தரையில் வைத்து, அதன்மேல் பானையைக் கவிழ்த்தாள். உள்ளே பெருமை அளந்துகொண்டிருந்த நெருப்பின் குரல் தேய்ந்து நின்றது. தூக்கிப் பார்த்தால் எண்ணெய் அப்படியே இருக்கிறது, திரியும் இருக்கிறது. சுடர்தான் இல்லை.

மறுபடி ஏற்றினாள். "எண்ணெய் இருந்துச்சே, ஏன் செத்துப்போனே?"

நெருப்புக்கு முதல்முறையாக வெட்கம் வந்தது. "மூச்சு முட்டிப்போச்சு, தாயி."

"அப்ப உனக்கும் எங்களுக்கும் ஒரே மூச்சுதான். இந்தக் கிணத்தையும் நாங்க இத்தனை வருசமா மூடித்தான வச்சிருந்தோம்? நீ முதல்ல போ. நீ அணைஞ்சா மறுபடி ஏத்திக்குவேன். என் புருசனை ஏத்த முடியாது."

நெருப்பு மறுக்கவில்லை. வாளியில் அகலை வைத்து மெல்ல இறக்கினார்கள். "இருக்கேன்... இருக்கேன்..." என்று குரல் வந்துகொண்டே இருந்தது. உடும்பு விழுந்த ஆழம் வந்ததும் நின்றுவிட்டது. மூக்காண்டி இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான்.

அன்று முழுக்க வேப்பங்குழைக் கொத்தைக் கயிற்றில் கட்டி, மேலும் கீழுமாக இழுத்துக் கிணற்றுக்குள் காற்றை விட்டார்கள். மறுநாள் காலையில் விளக்கு அடிவரை போனது. குரல் வரவில்லை, நெருப்பின் பேச்சு முந்தின நாளே கிணற்றோடு போயிருந்தது. ஆனால் சுடர் அசையாமல் நின்று எரிந்தது. மூக்காண்டி துணிந்து இறங்கினான். உச்சிவேளைக்குள் ஊற்றுக்கண் திறந்தது.

மூடிக் கிடந்த கிணற்றில் ஆளுக்கு முன்னால் விளக்கை இறக்கும் வழக்கம் அன்று முதல்தான் வந்தது. விளக்கு அணைந்தால், ஓர் ஆள் பிழைத்தான் என்று அர்த்தம்.