ஊதாங்குழலும் நாலு முட்டையும்

அந்தக் காலத்தில், பறவை பேசுவது மனுஷருக்கும் மனுஷர் பேசுவது பறவைக்கும் புரிந்த காலத்தில், கோரை மண்டிய ஓர் ஏரிக்கு மஞ்சக்காலி என்றொரு பறவை காவல் இருந்தாள். நெட்டைக் கால் இரண்டும் மஞ்சள். கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதை. வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஒரு கத்துக் கத்தினால் அக்கரை நாரைவரைக்கும் எழும்பிவிடும். ஆனால் கண்டபடி கத்த மாட்டாள். வருகிறவன் கையில் வலையோ கல்லோ கவணோ இருந்தால் கத்துவாள். வெறுங்கை என்றால் சும்மா இருப்பாள். இந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் காலத்தை ஓட்டினாள்.

அந்த நிம்மதியைக் கெடுக்கவென்றே ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. கோரை அறுத்துப் பாய் முடைகிற சடையாண்டி, அவன் பெண்சாதி வெள்ளாயி, மகள் பவளக்கொடி. அவர்கள் ஏரிக்கு வருவது புதிதல்ல. அன்றைக்கு அரிவாள் இல்லாமல் வந்து கரையில் வரிசையாக உட்கார்ந்ததுதான் புதிது. வெள்ளாயி மடியிலிருந்து அடுப்பு ஊதுகிற மூங்கில் ஊதாங்குழலை எடுத்தாள். எடுத்தவள் அதை வாயில் வைக்காமல் கண்ணில் அல்லவா வைத்தாள்!

மஞ்சக்காலிக்குத் தலை கிறுகிறுத்தது. இது வலையா? இல்லை. கல்லா? இல்லை. வெறுங்கையா என்றால் அதுவும் இல்லை. கத்துவதா, சும்மா இருப்பதா? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கத்துக் கத்திவைத்தாள். ஏரியே காலியாகிவிட்டது.

"அடடா, எல்லாம் போச்சே!" என்று மூன்று பேரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

மஞ்சக்காலி நேரே போய்க் கேட்டாள். "எதுக்கு வந்தீங்க?"

"பறவை பாக்க," என்றாள் வெள்ளாயி.

"பாத்து?"

"பாத்துட்டு வீட்டுக்குப் போவோம்."

"போயி?"

"நாளைக்கு வருவோம்."

"எதுக்கு?"

"பறவை பாக்கத்தான்."

மஞ்சக்காலி சடையாண்டியைப் பார்த்தாள். அவன் கையை விரித்தான். "என்னையக் கேக்காத தாயி. அடுப்பு ஊதுறப்ப குழல் வழியா மேல பாத்தாளாம். கூரையில இருந்த சிட்டு மட்டும் தனியாத் தெரிஞ்சுச்சாம். அன்னிக்குப் பிடிச்ச கிறுக்கு. திருவிழாவுக்குப் போனா செலவு, இது ஓசின்னு எங்களையும் இழுத்துட்டு வந்துட்டா."

தின்பதற்கும் இல்லை, பிடிப்பதற்கும் இல்லை, வெறுமனே பார்க்க வருவார்களா? மஞ்சக்காலி கூட்டத்தைக் கூட்டினாள். "எது கொழுத்ததுன்னு பொறுக்கி வைக்கிறாங்க," என்றது நாரை. "பாவம், வீட்டுல அடுப்பெரிக்க ஒண்ணுமில்ல, அதான் குழலைக் கண்ணுல வச்சிருக்காங்க," என்றது முக்குளிப்பான். மூன்று பேருக்கும் வலது கண்ணைச் சுற்றிக் கரி வட்டம் ஏன் என்று உள்ளான் குருவி வேறு கேட்டுவைத்தது. யோசனை கேட்கப் போன மஞ்சக்காலி முன்னைவிடக் குழம்பித் திரும்பினாள்.

குழம்பாமல் என்ன செய்வாள்? அவளுக்கு நாலு முட்டை இருந்தது. கூடும் கிடையாது, மரமும் கிடையாது. கூழாங்கல் கிடக்கிற வெட்ட வெளியில், கல்லோடு கல்லாக முட்டையிடுவதுதான் அவள் குலத்து வழக்கம். இருக்கிற இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அதைவிடப் பெரிய வழக்கம். வெயில் ஏறினால் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு, நேரே போகாமல் சுற்றி வளைத்துப் போய் முட்டையை ஈரப்படுத்துவாள். சித்திரை வெயிலில் கொக்குக்கே மண்டை காய்கிறது, முட்டை தாங்குமா?

நாள் போகப் போக, கிறுக்கு என்று சொன்ன சடையாண்டிக்குத்தான் கிறுக்கு முற்றியது. குழல் ஒன்று, கண் ஆறு. "கொஞ்சம் குடேன்யா" என்று வெள்ளாயி கெஞ்ச வேண்டியதாயிற்று. உலை வைக்கிற நேரம் தள்ளிப்போனாலும் மனுஷன் குழலை விடுவதில்லை. முக்குளிப்பான் குஞ்சு தாய் முதுகில் ஏறிப் போவதைக் கண்டு அவன் கைகொட்டிச் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை மஞ்சக்காலி எந்த வேடன் முகத்திலும் பார்த்ததேயில்லை.

ஒரு நாள் வெள்ளாயி கும்பிடாத குறையாகக் கேட்டாள். "மஞ்சக்காலி, எங்களைப் பாத்து மட்டும் கத்தாத. எங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு சந்தோசம்தான்."

மஞ்சக்காலிக்கு மனசு இளகியது. "சரி, கத்த மாட்டேன்," என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்தது சரியா தப்பா என்று அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை.

நாலு நாள் நல்லபடியாகப் போனது. ஐந்தாம் நாள் காலையில் ஒரு முட்டைக்குள்ளிருந்து மெல்ல ஒரு 'கீச்' கேட்டது. மஞ்சக்காலிக்குக் கால் தரையில் பாவவில்லை. வெயில் ஏறுமுன் வயிற்றை நனைத்துக்கொண்டு வரலாம் என்று தண்ணீருக்கு ஓடினாள். திரும்பி வரும்போது சடையாண்டி எதிரே நின்றான். குழல் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"ஏ வெள்ளாயி! இத்தனை நாளு எங்கெங்கேயோ பாத்தோம், கிட்ட இருக்கிற இவளைப் பாக்கவே இல்லையே. என்ன அழகு பாரு!"

அதுவரை அவளை அழகு என்று யாரும் சொன்னதில்லை. கட்டினவன்கூடச் சொன்னதில்லை. மஞ்சக்காலி கழுத்தை நிமிர்த்தி அசையாமல் நின்றாள். நிற்கத்தான் தோன்றியது, என்ன செய்ய!

"தலை தெரியுது, கால் தெரியல," என்று சடையாண்டி ஓரடி பின்னால் வைத்தான். குழல் ஓட்டை சின்னது. "கால் தெரியுது, வாலைக் காணோம்." இன்னும் ஓரடி. கண் குழலில், முதுகு முட்டைப் பக்கம்.

மஞ்சக்காலி பார்த்துவிட்டாள். கத்த வாயெடுத்தாள். கத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாளே! சரி, முட்டை இருக்கிறது என்று சொல்லலாமா? சொல்லவே கூடாதே! கத்துவதா? சொல்வதா? அவள் முழித்துக்கொண்டு நின்றது ஒரு கண்ணிமைப்பு நேரம்தான்.

"ஆங், இப்ப முழுசாத் தெரியறா," என்று சடையாண்டி காலை ஊன்றினான். காலையில் 'கீச்' என்ற முட்டை அவன் குதிகாலுக்கடியில் நொறுங்கிப்போனது.

அப்போதுதான் மஞ்சக்காலி கத்தினாள். கத்தி என்ன பிரயோசனம்?

சடையாண்டி குனிந்து பார்த்தான். குழல் கையிலிருந்து விழுந்தது. கரி வட்டத்தின் மேல் கண்ணீர் வழிய, "ஐயோ, கொன்னுட்டேனே! ஏன் தாயி கத்தல?" என்றான்.

"நீங்கதானே கத்தாதன்னு சொன்னீங்க?"

"முட்டை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று வெள்ளாயி அழுதாள்.

"பாக்கத்தானே வந்தீங்க? இதைப் பாக்கக் கூடாதா?"

வலை போட வந்தவனாக இருந்தால் மஞ்சக்காலி வைது தீர்த்திருப்பாள். அவளை அழகு என்றவனை எப்படி வைவது? வையாமல் எப்படி இருப்பது? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நெஞ்சு மட்டும் எரிந்தது.

மறுநாள் அவர்கள் குழலில்லாமல் வந்தார்கள். நூறடி தூரத்திலேயே மஞ்சக்காலி தலைக்குமேல் வட்டமடித்துக் கத்தினாள். ஏரிப் பறவை அத்தனையும் எழும்பிப் போனது. பவளக்கொடி அப்பன் கையைப் பிடித்து நிறுத்தினாள். மூன்று பேரும் மேலே பார்க்கவில்லை. குனிந்து, காலடியைப் பார்த்துப் பார்த்து, வந்த வழியே திரும்பினார்கள். மிச்சம் மூன்று முட்டையும் அந்த வாரமே பொரிந்தன.

அன்று முதல்தான் மஞ்சக்காலிக்கு ஆள்காட்டி என்று பேர். வலையோடு வந்தாலும் கத்துகிறாள், பிரியத்தோடு வந்தாலும் கத்துகிறாள். நம்மை வைகிறாளா, எச்சரிக்கிறாளா என்று அவளுக்கே இன்னும் தெரியாது. ஆனால் பறவை பார்க்கப் போகிறவர்கள் அந்தச் சத்தம் கேட்டால், கண்ணில் வைத்திருப்பதை இறக்கிவிட்டு முதலில் தங்கள் காலடியைத்தான் பார்க்கிறார்கள்.