பூக்கும் முன்னே சொன்ன பேர்

இந்தக் கதையை எனக்கு ஹாஸ்டல்ல கூட இருந்தவ சொன்னா, கண்ணு. அவளும் யாரோ சொல்லிக் கேட்டதுதான். கூடக்குறைய இருந்தா சித்தியைத் திட்டாதே. என்ன?

"ம்."

ஜப்பான்ல, பனி கொட்டுற ஒரு ஊர்ல ஒரு அம்மா. பேரு ஓகினு. அவளுக்கு சியோன்னு நாலு வயசுப் பொண்ணு. அந்த ஊர்ல குழந்தை பிறந்த அன்னிக்கே வாசல்ல ஒரு செர்ரிக் கன்னு நடுவாங்க. கன்னு நல்லா இருந்தா குழந்தையும் நல்லா இருக்கும். ஆனா தானா பூக்கிற வரைக்கும் அதை 'நயெகி'ன்னுதான் கூப்பிடணும். நயெகின்னா கன்னு. 'சகுரா'ன்னு சொல்லிடக் கூடாது. சகுரான்னா செர்ரிப் பூ, பூத்து உதிர்றதுக்கு அடையாளம். அந்தப் பேரைக் கேட்டா கன்னு அவசரப்படும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு தோமே, "ஏண்டி, உன் குச்சி எப்போ பூக்கும்? எனக்குப் பல்லெல்லாம் விழுந்தப்புறமா?"ன்னு சிரிச்சா. ஓகினுவுக்கு சுருக்குனு ஆயிடுச்சு. "எங்க சகுராவைப் போய் குச்சிங்கிறியே!"ன்னுட்டா.

அப்போ காத்தே இல்ல. கன்னு மட்டும் கிர்ர்ர்னு நடுங்குச்சு.

மறுநாள் காலையில, அத்தனை பனியில, கன்னு பூரா பூ! உள்ளே சியோவுக்கு உடம்பு கொதிக்குது. அப்புறம் பொத்துனு ஒரு இதழ் விழுந்துச்சு. சியோ ஒரு மூச்சு விட மறந்தா.

"ம்..."

ஓகினு ஓடிப்போய் இதழ் இதழா நூலால கட்டினா. நூல் கட்டினபடியே இருக்கு, இதழ் உதிருது. வைக்கோல் பாயைச் சுத்தினா. பாய்க்குள்ளே பொத், பொத், பொத். கடைசியா மிச்சம் ஒரே ஒரு பூ. அதுக்குள்ளேருந்து சியோ குரல் வருது: "ஏம்மா அவசரமா கூப்பிட்டே?"

அப்போதான் ஓகினுவுக்கு, தான் சகுரான்னு சொன்னது உறைச்சுது. பனியில மண்டி போட்டு, வேர்கிட்ட வாயை வெச்சு, "நயெகி, நயெகி, நயெகி"ன்னு தொண்டை கிழியக் கூப்பிட்டா. பூ மெல்ல மூடி மொட்டாச்சு. மொட்டு கிளைக்குள்ளே போச்சு. கிளையும் சுருங்கிச் சுருங்கி, கன்னு சாண் உயரத்துக்கு வந்து நின்னுது.

வீட்டுக்குள்ளே அழுகைச் சத்தம். உசிரோட இருக்கா! ஓடினா. போர்வைக்கு நடுவுல, சியோவோட சட்டைக்குள்ளே, அன்னிக்குப் பிறந்த மாதிரி ஒரு பச்சைக் குழந்தை. "ங்ஙே"ங்குது. கண்ணு ரெண்டும் சியோ கண்ணேதான். ஆனா அம்மாவை அதுக்கு அடையாளம் தெரியல.

ஓகினு அள்ளி மடியில போட்டுக்கிட்டா. "பரவாயில்லடி, முதல்லேருந்து வளரு"ன்னா.

கதையும் கண்ணை மூடிடுச்சு, நீயும் மூடு. இந்தக் கதையைக் கேட்டப்புறம் நான் தேடிப் பார்த்தேன், கண்ணு. ஜப்பான்காரங்க கன்னை நிஜமாவே நயெகின்னுதான் சொல்றாங்க. பேர் சொல்லக் கூடாதுங்கிற வழக்கம்தான் எங்கயும் அகப்படல.