மேஸ்திரி ஆடிய ஆட்டம்

சங்ககிரி லாரிப் பட்டறையில் ஆறுச்சாமி மேஸ்திரி சொன்னதுதான் சட்டம். ஒருநாள் முதலாளி, பாகங்களை டீசலில் கழுவும்போதே பழுதைக் கண்டுபிடித்துவிடும் பவுனாத்தாளைப் பார்த்து, "உனக்கு நல்ல கண்ணும்மா" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மேஸ்திரியின் வயிறு எரிந்த எரிச்சலில் வெல்டிங்கே வைத்திருக்கலாம்.

அந்த நேரம் ஒரு லாரியில், எஞ்சினோடு பொருத்தியிருக்கும், கனத்த டர்போ என்ற காற்றழுத்தியைச் சுமக்கிற மேனிபோல்டு புகைக்குழாய் மூன்றாம் முறையாக விரிசல் விட்டது. இத்தனைக்கும் பாரம் தாங்கட்டும் என்று டர்போவை லாரியின் அடிச்சட்டத்தோடு கம்பி போட்டு இறுக்கியிருந்தார் மேஸ்திரி.

"நல்ல கண்ணுதானே, ஏன் விரிசல் விடுதுன்னு அவளே சொல்லட்டுங்க" என்று முதலாளியிடம் மூக்கால் இழுத்தார். "சொல்லாட்டி நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்."

பவுனாத்தாள் அரை கிளாஸ் டீயை நீட்டினாள். "எஞ்சினைப் பத்தி உங்களைவிட யாருக்குங்க தெரியும்? இதைப் புடிச்சுக்கிட்டு எஞ்சினாட்டம் ஆடிக் காட்டுங்க."

மேஸ்திரி பெருமையாகத் தொப்பை குலுங்க ஆடினார். கிளாஸும் கையோடு ஆடியது. டீ சிந்தவில்லை.

"இப்ப நான் அடிச்சட்டம், ஆட மாட்டேனுங்க" என்று கிளாஸின் விளிம்பை அவள் இறுக்கிப் பிடித்தாள். மேஸ்திரி ஆடினார். டீ முழுக்க வெள்ளைச் சட்டையில்.

"ஆடற எஞ்சினுக்கும் ஆடாத சட்டத்துக்கும் நடுவுல டர்போவை மாட்டிவிட்டா விரிசல் விடாதுங்களா? கம்பியை எஞ்சின்லயே கட்டுங்க. சேர்ந்து ஆடட்டும்."

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மேஸ்திரி, சட்டையைக் கழட்டுங்க. அப்படியே அந்தக் கம்பியையும் கழட்டிருங்க."

மேனிபோல்டு அப்புறம் விரிசல் விடவில்லை. ஆனால் இன்றைக்கும் பவுனாத்தாள் பக்கத்தில் வந்தால், கொதிக்கிற டீயையும் மேஸ்திரி ஒரே மடக்கில் குடித்துவிடுகிறார்.