இறக்கச் சொன்ன கை

ராயப்பன் இருபது வருஷம் கட்சியின் கிளைச் செயலாளர். கடலை மறிக்கக் கல்தடுப்பு வந்தே தீரும் என்று வீடு வீடாகப் போய் வாய் கிழியப் பேசி ஓட்டுக் கேட்டவர். கல் வரவில்லை, கடல்தான் வந்தது. கீழத்தெருவில் பாதி வீடுகளுக்கு இப்போது முன்சுவர் இல்லை.

ஐம்பத்தைந்து வயதில் கட்சியை உதறிவிட்டு ஒரு கேமரா வாங்கினார். ஸ்டூடியோ வைத்திருக்கும் டெல்பினிடம் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு இவரைவிடப் பதினைந்து வயது குறைவு. இவர் "டீச்சர்" என்று கூப்பிடுவதைக் கேட்டு ஊரே சிரித்தது. அவருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. தன்னை நம்பி ஏமாந்தவர்களின் முகங்களைக் கோயில் திருவிழாவில் வரிசையாக மாட்ட வேண்டும், ஓட்டு வாங்கிப் போனவர்கள் அதற்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அது ஒன்றுதான் அவர் மனசில் இருந்தது.

டெல்பின் அவர் எடுத்த படங்களைப் பார்த்தாள்.

"எல்லாரும் இழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்காங்களே அண்ணாச்சி?"

"ஏமாந்ததை நெனச்சிக்கிட்டு நில்லுங்கன்னு சொன்னேன் டீச்சர்."

"நெனச்சாங்களா?"

"நடிச்சாங்க." அவர் குரல் இறங்கிப்போனது. "மனுஷன் மனசு விட்டுப்போனதைப் படத்துல எப்படித்தான் பிடிக்கிறது?"

அவள் எழுந்தாள். "வாங்க, உங்க தெருவுக்குப் போவோம்" என்றாள்.

சேசுராஜன் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். படி இருந்தது, அதற்குப் பின்னால் சுவர் இல்லை. ராயப்பன் கேமராவைத் தூக்கியதும் சேசுராஜனின் வலது கை தானாக எழுந்தது. மூன்று விரல், கட்சிச் சின்னம். கேமராவைக் கண்டால் தூக்கணும் என்று தெருவுக்கே பழக்கிவிட்டவர் ராயப்பன்தான்.

"கையை எறக்கு மச்சான், படம் கெட்டுப்போவும்."

சேசுராஜன் கையை இறக்கி மடியில் வைத்தார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். ராயப்பன் பொத்தானை அமுக்கினார்.

"எல்லாருமே கையைத் தூக்குறாங்களா?" என்று டெல்பின் கேட்டாள்.

"பழக்கம் விடல டீச்சர். எறக்குங்க எறக்குங்கன்னு சொல்லி எனக்கு வாய்தான் வலிக்கி. எறக்கின பெறகுதான் எடுக்கேன்."

அவள் கேமராவை வாங்கிக்கொண்டாள். "நீங்க அவர் பக்கத்துல உக்காருங்க."

ராயப்பன் உட்கார்ந்தார். அவள் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

அவர் கையும் எழுந்தது. மூன்று விரல். நெஞ்சு வரை வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மேலே கொண்டுபோக மனசில்லை. அத்தனை பேரிடமும் இறக்கச் சொன்னவருக்குத் தன் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாவம், தவித்துப்போனார். டெல்பின் அமுக்கினாள்.

சேசுராஜன் அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"விடு மச்சான். எனக்கும் அப்படித்தான் வருது."

டெல்பின் கேமராவை நீட்டினாள். ராயப்பன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"நான் கையை எறக்குறதுக்குள்ள எடுத்துட்டீங்களே டீச்சர்."

"எறக்கின பெறகு, படத்துக்கு நிக்கிற ஆளுதான் இருக்காரு அண்ணாச்சி" என்றாள் டெல்பின். "ஓட்டுப் போட்ட ஆளு அதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுறாரு."