அக்காவின் எலும்புக்குச் சாப்பாடு போட்ட தம்பிகள்

ஊத்தாங்கொல்லையில் மூன்று தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து அக்கா ஒருத்திதான். மூவருக்குமான மூளையும் அவளிடம்தான் இருந்தது. அஞ்சலாட்சி என்று பெயர். வீட்டு டிராக்டரை அவள்தான் ஓட்டுவாள். போன வருடம் ஒரே ஒரு நாள் தம்பிகளை ஓட்டச் சொல்லி, "நேரா போங்கடா" என்றாள். நேராகப் போனார்கள். கிணறும் நேராகத்தான் இருந்தது.

அந்த அக்கா வரப்பில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். விதைப்புக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அதற்குள் கை கூடாவிட்டால் உழவு இல்லை, உழவு இல்லாவிட்டால் அடுத்த வருடம் சோறு இல்லை. சோறு சம்பந்தப்பட்ட எதுவும் தம்பிகளுக்குச் சட்டென்று புரியும் என்பதால் இதுவும் புரிந்தது.

டாக்டரம்மா மாவுக்கட்டுப் போட்டுவிட்டுத் தம்பிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

"எலும்புன்னா வெறும் சுண்ணாம்புன்னு நினைக்காதீங்க. அந்தச் சுண்ணாம்பைப் பிடிச்சு வெச்சிருக்கிறதே புரதம்தான். பருப்பு, முட்டை, மீன், பால்னு எல்லாம் குடுங்க. ஒரே வேளையில அள்ளிக் கொட்டாம, மூணு வேளைக்கும் பிரிச்சுக் குடுங்க. அது எலும்புக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் கை கூடும். சாப்பிட்டதை உடம்பு அடுப்பு மாதிரி எரிச்சுக்கிட்டே இருக்கும். புரதம்னா இன்னும் கொஞ்சம் கூடுதலா எரியும். பட்டினி மட்டும் போட்டுடாதீங்க."

மறுநாள் காலையில் மூத்தவன் மாசிலாமணி ஒரு முட்டையை அவித்தான். மூன்று வேளைக்கும் பிரித்தான். காலையில் வெள்ளைக்கரு, மத்தியானம் மஞ்சள்கரு. ராத்திரி தட்டில் முட்டை ஓடு இருந்தது.

"என்னடா இது?" என்றாள் அக்கா.

"மூணாவது பங்கு, அக்கா. டாக்டரம்மா உத்தரவு."

அக்கா தட்டைத் தள்ளிவிட்டு, இடது கையால் பருப்பைக் கடைந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். தம்பிகளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வாசலில் உட்கார்ந்து கூட்டம் போட்டார்கள்.

"பருப்பு வாய்க்குப் போச்சு. வாயிலிருந்து வயித்துக்குப் போகும். அங்கேயிருந்து கைக்கு யார் கொண்டு போறது?" என்று கேட்டான் நடுத்தம்பி கோதண்டம்.

"தண்ணி பாயற மாதிரிதான் பாயும். பள்ளத்தைப் பாத்துப் போகும்" என்றான் கடைசித் தம்பி சின்னக்கண்ணு.

"அப்ப வலது கை பள்ளத்துல இருக்கணும்."

மூவரும் உள்ளே போய், தூங்குகிற அக்காவின் கட்டிலுக்கு இடதுபக்கக் கால்களின் கீழ் மும்மூன்று செங்கல் வைத்தார்கள். நல்ல சரிவு கிடைத்தது. பருப்பு கைக்குப் பாய்ந்ததா என்று தெரியவில்லை, அக்கா தரைக்குப் பாய்ந்தாள். நல்லவேளை, கீழே நெல் மூட்டை கிடந்தது. அன்றைக்கு அவள் திட்டிய திட்டில் அடுத்த தெரு நாய் எழுந்து போய்விட்டது.

அடுத்தது அடுப்பு விஷயம்.

"உள்ளே தீ எரியுதுன்னு டாக்டரே சொல்லியாச்சு. மீன் வேற சாப்பிடப் போறா. கூடுதலா எரியும்" என்றான் மாசிலாமணி.

"அக்கா புடவை நூல் புடவைதானே?" என்றான் கோதண்டம். அவனுக்கு அக்கா என்றால் உயிர்.

ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரோடு அக்காவைச் சுற்றி நின்றார்கள். மார்கழிக் குளிர். அக்கா நெத்திலிக் குழம்பும் சோறும் சாப்பிட்டு முடித்து, சூடான பாலை ஒரு வாய் குடித்து "அப்பாடா" என்றாள். வாயிலிருந்து ஆவி வந்தது.

"பத்திக்கிச்சுடோய்" என்றான் சின்னக்கண்ணு. மூன்று வாளியும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன.

மாவுக்கட்டு கூழாகிவிட்டது. அக்கா திட்டவில்லை. ஈரத்தோடு உட்கார்ந்து, "இந்த வருஷம் நிலம் தரிசாத்தான் கிடக்கப் போகுது" என்று அழுதாள். அவள் அழுது தம்பிகள் பார்த்ததே இல்லை. அவர்களும் அழுதார்கள்.

டாக்டரம்மா புதுக்கட்டுப் போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தம்பிகளிடம் சொன்னார்: "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நீங்க மூணு பேரும் ஒண்ணுமே செய்யக் கூடாது."

செய்யவில்லை. வீட்டுக்கு வந்து சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். சோற்றுக்கும் கொல்லைப்புறத்துக்கும் மட்டும் எழுந்தார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தால் அது தானாகப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நிம்மதியாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிவந்து சமைக்கவைத்து, ஒரு நாள் மீன், ஒரு நாள் முட்டை, தினமும் பருப்பும் பாலும் என்று வேளை தவறாமல் சாப்பிட்டாள். தம்பிகள் வாழ்நாளில் அக்காவுக்குச் செய்த பேருதவி அந்த ஆறு வாரம்தான்.

கட்டுப் பிரித்து எக்ஸ்ரே எடுத்த டாக்டரம்மா, "எலும்பு அருமையா கூடிடுச்சு, பாருங்க" என்று படத்தைத் தம்பிகள் கையில் கொடுத்தார். அவர்கள் எக்ஸ்ரே பார்ப்பது அதுதான் முதல் தடவை. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். வீடு வந்து சேர்ந்ததும், அக்கா கையை ஆட்டிப் பார்த்துக்கொண்டு நேரே டிராக்டரில் ஏறி வயலுக்குப் போய்விட்டாள்.

கோதண்டம் படத்தை வெளிச்சத்தில் பிடித்தான். "எப்படி இருந்த கை. துளி சதை இல்லாம போச்சே."

"நாம ஒண்ணும் செய்யாம உட்கார்ந்திருந்தோம்ல, அதான்" என்று விசும்பினான் சின்னக்கண்ணு.

படத்தைச் சுவரில் சாய்த்து, முன்னால் இலை போட்டு, சோறும் மீனும் பரிமாறினார்கள். கை சங்கோசப்படப் போகிறது என்று வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். அரைமணி கழித்துத் திறந்தால் இலை காலி. ஜன்னல் வழியாகப் பூனை ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஐந்து நாள் இப்படியே விருந்து நடந்தது.

ஆறாம் நாள் படத்தை அக்காவின் போர்வையில் சுற்றி, பஸ் பிடித்து, டாக்டரம்மாவிடம் போனார்கள்.

"நல்லாத்தான் சாப்பிடுது, டாக்டரம்மா" என்றான் மாசிலாமணி. "ஆனா ஒட்டவே மாட்டேங்குது. உள்ளே ஏதோ கோளாறு. இதை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுங்க."