நின்றுபோகும் துப்பாக்கி

"இதை நம்ப முடியாது மேடம்."

ஏட்டு சுடலையாண்டி அந்தச் சின்னத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். உள்ளங்கைக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும் அது.

மேசைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் ஜெபராணி. மாவட்டப் போலீசாருக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பவர். ஏட்டைவிட வயதில் நன்றாகவே இளையவர்.

"என்ன செய்யுது ஏட்டையா?"

"நின்னுபோகுது. ஒண்ணு வெடிக்குது, அடுத்தது சிக்கிக்குது. என் பழைய பெரிய துப்பாக்கி ஒருநாளும் இப்படிச் செஞ்சதில்ல. அதையே திருப்பிக் கொடுத்திருங்க."

"அமலோற்பவம் ஒத்துக்குவாங்களா?"

ஏட்டு தலையைச் சொறிந்தார்.

அமலோற்பவம் மீன் விற்பவள். ஆற்றுமணல் திருடும் கும்பல், தட்டிக்கேட்ட ஓர் ஆசிரியரை நடுரோட்டில் வெட்டிச் சாய்த்ததைக் கண்ணால் பார்த்தவள். பார்த்தவர்கள் பலர். கோர்ட்டில் வந்து சொல்கிறேன் என்றவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்குக் காவலாகத்தான் ஏட்டைப் போட்டிருந்தார்கள்.

"காக்கிச் சட்டையும் துப்பாக்கியுமா நீங்க பக்கத்துல நின்னா எவன் வந்து மீன் வாங்குவான்? நான் பொழைக்க வேண்டாமா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டாள்.

அதனால் சாதாரணச் சட்டை. சட்டைக்கடியில், இடுப்பில், இந்தச் சின்னத் துப்பாக்கி.

ஜெபராணி அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார். சுட்டார். தோட்டா அடைக்கும் மேகசின் காலியாகும்வரை அது ஒருமுறைகூட நிற்கவில்லை.

மறுபடி நிரப்பி ஏட்டிடம் கொடுத்தார். அவர் சுட்டார். இரண்டாவதிலேயே நின்றது.

"பாத்தீங்களா!"

ஜெபராணி வாங்கி, சிக்கியதை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சுட்டு முடித்தார்.

"உங்களுக்கு மட்டும் சுடுது" என்றார் ஏட்டு.

ஜெபராணி அவருடைய மணிக்கட்டில் ஒரு விரலை வைத்துத் தள்ளினார். மணிக்கட்டு மடங்கியது.

"பெரியது கனமா இருக்கும். கை தளர்ந்தாலும் பொறுத்துக்கும். இது பொறுக்காது."

அன்றிலிருந்து ஏட்டு மீன்கூடையை ஒற்றைக் கையால் தூக்கிப் பழகினார்.

"போலீஸ் வேலை போனாலும் கவலையில்ல அண்ணே. எங்கிட்டயே சேர்ந்திருங்க" என்று அமலோற்பவம் சிரித்தாள்.

கை இறுகியது. துப்பாக்கி நிற்பது நின்றது. ஏட்டு மைதானத்துக்கு ஓடினார்.

"இனி நம்பலாமா மேடம்?"

ஜெபராணி துப்பாக்கியைப் பிரித்தார். ஒரு வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்து, துணியை மேசையில் விரித்தார்.

பனியன் நூல். வியர்வை உப்பு. ஒரு மீன் செதில்.

"நேத்துதான் துடைச்சேன் மேடம்."

"இது நேத்தைக்குப் பிறகு வந்தது."

ஏட்டு தினமும் துடைக்கத் தொடங்கினார். அப்புறமும் அவருக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. வழக்கு விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

"பிடி சரியாயிருச்சு. துப்பாக்கியும் சுத்தமா இருக்கு. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். இது இனிமே நிக்கவே நிக்காதுதானே?"

ஜெபராணி திரும்பி நின்று மேகசினில் தோட்டாக்களை நிரப்பினார். கொடுத்தார்.

முதல் குண்டு வெடித்தது. அடுத்து 'டிக்' என்ற சத்தம் மட்டும்.

ஏட்டு தடுமாறி, மேல்பகுதியைப் பின்னால் இழுத்தார். ஒரு தோட்டா துள்ளி மண்ணில் விழுந்தது. எடுத்துப் பார்த்தார். மருந்தே இல்லாத பொய்த் தோட்டா.

"யார் வெச்சது இதை?"

"நான்தான்."

ஏட்டுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நம்பிக்கை வேணும்னு உங்ககிட்ட வந்தேன். இருந்ததையும் கெடுக்கறீங்களே!"

"அடியில தட்டுங்க. மேல இழுங்க. சுடுங்க" என்றார் ஜெபராணி. "மறுபடியும்."

பொய்த் தோட்டா எங்கே இருக்கும் என்று அவர் சொல்லவே இல்லை. சில சமயம் முதலில். சில சமயம் கடைசியில். சில சமயம் இருக்கவே இருக்காது.

தட்டு, இழு, சுடு. ஏட்டு வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். பிறகு முணுமுணுப்பது நின்றது.

ஒருநாள் அவர் வந்தார், சுட்டார், துடைத்தார், வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"நாளைலேர்ந்து வர வேண்டாம் ஏட்டையா" என்றார் ஜெபராணி.

விசாரணை நாள் வந்தது. கோர்ட்டு வாசலில் அமலோற்பவம் ஆட்டோவை விட்டு இறங்கினாள். அவளுக்கு முன்னால் ஏட்டு இறங்கியிருந்தார்.

இளநீர் வண்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கையில் அரிவாள்.

கூட்டம் சிதறியது. ஏட்டு இடது கையால் அவளை ஆட்டோவின் பக்கம் தள்ளினார். வலது கை சட்டைக்கடியில் போனது.

முன்னால் வந்தவன் அரிவாளை ஓங்கினான்.

குண்டு அவன் தொடையில் பாய்ந்தது. அரிவாளோடு சரிந்து விழுந்தான். மற்றவன் கையிலிருந்ததை எறிந்துவிட்டு ஓடினான். நாலு வக்கீல்களும் இளநீர்க்காரரும் சேர்ந்து அவனை அமுக்கிப் பிடித்தார்கள்.

அமலோற்பவம் எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"வாங்க அண்ணே, உள்ள கூப்பிடப் போறாங்க."

கூண்டில் ஏறினாள். குற்றம் சாட்டப்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கைநீட்டிக் காட்டினாள். எதிர்த்தரப்பு வக்கீல் எத்தனை விதமாகக் கேட்டும் அவள் குரல் நடுங்கவில்லை.

வெளியே வந்தபோது மீன் சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். குலவைச் சத்தத்தில் கோர்ட்டு மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து அரசு வக்கீலின் கையைப் பிடித்தார்.

"அன்னைக்கு நானும் பார்த்தேன்யா. நானும் சொல்றேன்."

அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார்.

ஏட்டு டீ வாங்கி வந்து அமலோற்பவத்திடம் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதல்ல அது வெடிக்கலையே அண்ணே, அப்பத்தான் எனக்கு உசிரே போயிருச்சு."

"எது வெடிக்கல?"

"துப்பாக்கிதான். டிக்குன்னுச்சு. நீங்க அடியில ஒரு தட்டு தட்டி, மேல இழுத்து, அப்புறம்ல சுட்டீங்க!"

"நானா?"

"பின்ன யாரு, நானா?"

ஏட்டு டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மறுநாள் மைதானத்துக்குப் போனார். ஜெபராணி மேசையில் உட்கார்ந்திருந்தார். செய்தி அவருக்கு முன்பே வந்திருந்தது.

"சொல்லுங்க ஏட்டையா. துப்பாக்கி எப்படி?"

"நேத்து அது நின்னுபோச்சாம் மேடம்."

"நின்னுபோச்சாமா?"

"எனக்குத் தெரியாது. பக்கத்துல இருந்தவங்க சொல்றாங்க."

இன்ஸ்பெக்டர் ஜெபராணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். விறைப்பாக நின்று ஏட்டு சுடலையாண்டிக்கு ஒரு சல்யூட் அடித்தார்.