துத்தநாகத்தின் இடத்தில் காட்மியம்

வைரமணிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. உலைக்கும் எக்ஸ்ரே கருவிக்கும் இடையே நடந்து நடந்து ஆய்வுக்கூடத்துத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் நான்கும் சேர்ந்த கறுப்புப் படலம் அது. வெளிச்சம் பட்டால் மின்சாரம் தரும். அதில் துத்தநாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் காட்மியத்தை வைப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வழிகாட்டி மெஹருன்னிசா அவளைவிட இரண்டு வயது இளையவர். குருவுக்குப் போய் யாராவது வயது பார்ப்பார்களா?

"மேடம், இதுவும் கெட்டுப்போச்சு." படலம் பூசிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் குப்பைக்கூடையில் போட்டாள் வைரமணி.

"எப்படிக் கெட்டுச்சு?"

"எக்ஸ்ரேயில கோடெல்லாம் இடது பக்கம் தள்ளிப்போகுது. துத்தநாகம் இருந்தப்ப இருந்த இடத்துக்கு வரவே மாட்டேங்குது. அதே இடத்துலதானே உட்கார வைக்கிறேன்? எதுக்கு எல்லாமே நகரணும்?"

"வந்தது பெரிய அணு. படிகக் கூடு விரிஞ்சுதானே இடம் கொடுக்கும்?"

"இன்னும் கூட்டினா அடுக்கே வேற மாதிரி ஆயிடுது மேடம். அதான் காட்மியத்தைக் குறைச்சுக்கிட்டே வரேன். இருக்கிறதே தெரியாத அளவுக்குக் கொண்டுவந்துட்டா, கோடு பழைய இடத்துக்கு வந்துடும்."

"அப்புறம் காட்மியம் எதுக்கு?"

வைரமணி கடிகாரத்தைப் பார்த்தாள்.

மெஹருன்னிசா குனிந்து கூடையிலிருந்த துண்டை எடுத்தார். ஊதித் துடைத்து விளக்கின் கீழ் வைத்து மின்னோட்டமானியின் இரண்டு ஊசிகளால் தொட்டார். பிறகு காட்மியமே சேராத பழைய துண்டையும் அப்படியே தொட்டார். கெட்டுப்போனதில்தான் மின்னோட்டம் அதிகம்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். வைரமணி மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வீட்டுல என்ன?" என்றார் மெஹருன்னிசா.

அவ்வளவுதான், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போன வருஷம்தான் அவள் குமரவேலுக்கு இரண்டாம் மனைவியாக வந்தாள். முதல் மனைவி இறந்துவிட்டார். அவருடைய மகள் அல்லிக்கு ஒன்பது வயது. இதுவரை வைரமணியை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. இன்று சாயங்காலம் தாய்மாமன் வந்து அல்லியை ஒரேயடியாகக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போகப் போகிறார்.

"அவங்க அம்மா போட்ட மாதிரியே பின்னல், அவங்க வச்ச மாதிரியே குழம்பு. தூங்க வைக்கிறப்பவும் அவங்க பாடின பாட்டுதான். ஒண்ணுலயும் குறை வைக்கல மேடம். காலைல பின்னலை அவுத்துப் போட்டுட்டு, 'இது எங்கம்மாவோடது'ன்னுட்டா."

"உங்களோடது எது?"

வைரமணி யோசித்தாள். இதற்குப் போய் யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

"எனக்குப் பாட்டே வராது மேடம். நல்லா விசிலடிப்பேன். அதுக்காக எங்க வீட்டுல அடிகூட வாங்கியிருக்கேன்."

"அல்லி கேட்டிருக்காளா?"

"ஐயையோ, அந்த வீட்டுலயா? அதுவும் அவ கிளம்பிப் போற நேரத்துல..."

மெஹருன்னிசா அவளுடைய கைப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"போறதா இருந்தா போகட்டும் வைரமணி. உங்களைப் பார்த்துட்டுப் போகட்டும். இந்த ஒரு வருஷமா அவ உங்களைப் பார்க்கவே இல்லையே."